தேகம் இகழத் தக்கதோ?

எம்பெருமானுடைய திருநாள்கள் பலவற்றுள்ளும் அத்யயன உத்ஸவம் தனிச் சிறப்பு வாய்ந்தது. பகற்பத்து 10 நாள்களும், இராப்பத்து 10 நாள்களும், இயற்பா 1 நாளுமாக ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் நாலாயிரமும் பெருமாள் திருச்செவி சாற்றியருளும்படி விண்ணப்பம் செய்யப்பெறுகின்றன. வைகுண்ட ஏகாதசியன்று பரமபதவாசல் திறக்கப்பெற்று, பெருமாள் முன்னே எழுந்தருள, ஆயிரக்கணக்கான அன்பர்கள் அவனைப் பின்தொடர்ந்து அவ்வாசலைக் கடக்கின்றனர். பேரனுடைய தோளைப் பற்றிக்கொண்டு வரும் பாட்டனார், குழந்தையை இடுப்பில் ஏந்தி வரும் தாய், இரவு முழுதும் நின்று கால் வீங்கிய யாத்ரிகர், உபவாசத்தால் உதடு உலர்ந்த மூதாட்டி என்று எல்லாரும் ஒரே வாசலில் நெருங்குகின்றனர்.

இவர்கள் அனைவரும் அந்த வாசலைக் கடப்பது எதைக் கொண்டு? இந்தச் சரீரத்தைக் கொண்டே அன்றோ? ஆயினும் அதே சந்நிதியில், அதே மண்டபத்தில், மாலை வேளையில் நடைபெறும் உபந்யாஸத்தில் அவர்கள் கேட்பது வேறாக இருக்கின்றது. "தேகம் அநித்யம், ஆத்மாவே நித்யம், தேகம் அழுக்கு நிறைந்தது, அதில் பற்று வையாதே" என்று பெரியோர் உபதேசிக்கின்றனர். அங்ஙனமாயின், அழியப்போகும் இவ்வுடலை இத்தனை பாடுபடுத்தி எம்பெருமான் திருமுன் கொண்டுவந்து நிறுத்துவது எதற்காக? கோயிலில் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் எதற்காக? இவ்வுடலைக் குறித்து நாம் கொள்ளவேண்டிய மனநிலைதான் யாது? இவ்வினாவைச் சற்றே ஆராய்வது இத்திருநாளுக்குப் பொருத்தமாகும் என்று கருதி, பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் அடியேன் அறிந்த அளவில் எழுதத் துணிகின்றேன்.

விரோசனன் கற்ற பாடம்

சாந்தோக்ய உபநிஷத்தில் ஒரு வரலாறு உண்டு. தேவர்களின் அரசனான இந்திரனும், அசுரர்களின் தலைவனான விரோசனனும் ஆத்மாவை அறிய விரும்பிப் பிரஜாபதியை அடைந்தனர். இருவரும் 32 ஆண்டுகள் பிரம்மசரியம் காத்துப் பணிந்திருந்தனர். பின்னர்ப் பிரஜாபதி நீர் நிறைந்த பாத்திரத்தில் அவர்களுடைய உருவத்தைப் பார்க்கச் செய்தார். நன்கு ஆடையணிந்து, அலங்கரித்துக்கொண்டு பார்த்தபோது, அலங்கரித்த உருவமே நீரில் தெரிந்தது. அதனைக் கண்ட விரோசனன், "இவ்வுடலே ஆத்மா, இதனைப் போற்றுவதே புருஷார்த்தம்" என்று முடிவு செய்து மனநிறைவோடு திரும்பிவிட்டான்.

இந்திரனுக்கோ பாதி வழியிலேயே ஐயம் எழுந்தது. "உடல் அலங்கரிக்கப்பட்டால் நிழலும் அலங்காரம் பெறுகிறது, உடல் குருடானால் அதுவும் குருடாகும், உடல் அழிந்தால் அதுவும் அழியும். இதில் நன்மை ஒன்றும் காணேனே" என்று எண்ணித் திரும்பி வந்தான். மீண்டும் 32, பிறகு 32, இறுதியில் 5 என மொத்தம் 101 ஆண்டுகள் காத்திருந்து உண்மையை உணர்ந்தான்.

இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. கண்ட காட்சியும் ஒன்றே. அழியும் பொருளைக் கண்டு ஒருவன் திருப்தியடைந்தான், மற்றவன் திருப்தியடையவில்லை. அத்திருப்தியின்மையே ஞானத்தின் முதற்படி ஆயிற்று. இன்று கண்ணாடி முன் நின்று நரைமயிர் ஒன்றைக் கண்டு திடுக்கிடுகிறோமே, அத்திடுக்கீட்டையும் அவமாக்க வேண்டுவதில்லை. விரோசனனாக அதனை மறைக்க முயல்வதும், இந்திரனாக அதனைக் கொண்டு மேலும் வினவுவதும் நம் கையில் உள்ளன.

நான் என்பது யார்?

தேகத்தையே ஆத்மா என்று மயங்குவதற்கு தேஹாத்மப்ரமம் என்று பெயர். இம்மயக்கத்தைத் தெளிவிக்க நம் ஆசார்யர்கள் எளிய யுக்திகள் பலவற்றைக் காட்டியுள்ளனர். பிள்ளைலோகாசார்யர் தத்வத்ரயம் என்னும் ரஹஸ்ய க்ரந்தத்தில் இதனை மிகச் சுருக்கமாகவும் தெளிவாகவும் அருளிச்செய்துள்ளார்.

"என் கை, என் கால், என் உடம்பு" என்று நாம் வழங்குகின்றோம். "என் வீடு" என்னும்போது வீடு வேறு, நான் வேறு. அதுபோல் "என் உடம்பு" என்னும்போதும் உடம்பு வேறு, நான் வேறு என்பது தானே விளங்கும். "என் ஆத்மா என்றும் சொல்லுகிறோமே" என்று ஒருவர் கேட்கலாம். அது "ராகுவின் தலை" என்பது போன்ற உபசார வழக்கு. ராகு என்பவனே தலையாக இருக்க, ராகுவின் தலை என்று சொல்வதில்லையா?

மேலும் உடலை "இது" என்று அறிகிறோம். ஆத்மாவை "நான்" என்று அறிகிறோம். உடல் பல உறுப்புகளால் ஆயது. நான் என்பது ஒன்றே. உறக்கத்தில் உடலின் நினைவே இல்லை. ஆயினும் விழித்தவுடன் "நான் சுகமாக உறங்கினேன்" என்கிறோம். உடலை மறந்திருந்த அக்காலத்திலும் அச்சுகத்திற்கு இடமாக இருந்த ஒருவன் உண்டு என்பது இதனால் தேறும். ஐந்து வயதில் ஓடி விளையாடிய உடல் இன்று இல்லை. அன்று விளையாடியவன் மட்டும் இன்றும் இருக்கிறான்.

இந்த யுக்திகளை வாதத்தால் ஒருவர் மறுக்கக் கூடும். அங்ஙனம் மறுத்தாலும் சாஸ்திரம் என்னும் உறுதியான பற்றுக்கோடு நமக்கு உண்டு. ஆத்மா பிறப்பதும் இறப்பதும் இல்லை; மனிதன் பழைய ஆடையைக் களைந்து புதிய ஆடையை உடுப்பதுபோல் அது ஓர் உடலை விட்டு மற்றோர் உடலை அடைகிறது என்று பார்த்தனுக்குத் தேர்த்தட்டில் கண்ணன் அருளிச்செய்தான்.

இகழ்ச்சியும் ஒரு மயக்கமே

இதுவரை சொன்னது பலரும் கேட்டதே. இனிச் சொல்லப்புகுவதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஆத்மா தேகத்தினின்றும் வேறு என்று அறிந்தவுடன் சிலர் "ஆகவே தேகம் ஒரு பொருட்டன்று, அது பொய், அது இகழத் தக்கது" என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். இது நம் தரிசனத்திற்கு ஒவ்வாது.

எம்பெருமானார் தரிசனத்தில் சித்து, அசித்து, ஈச்வரன் என்னும் மூன்று தத்துவங்களும் உண்மையே. அசித்து மாறும் தன்மையது. மாறுவதனால் அது பொய்யாகிவிடாது. ஆற்றுநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுவதனால் அது கானல்நீர் ஆகுமோ? மண்ணால் ஆகிய இவ்வுடலும் அத்தகையதே. பொய்யாக இல்லாமல், நிலையாமையை இயல்பாக உடைய மெய்யாகவே அது இருக்கிறது.

ஸ்ரீபாஷ்யத்தில் ராமாநுஜர் சரீரம் என்பதற்கு ஓர் இலக்கணம் கூறியருளினார். ஒரு சேதநன் எந்தத் திரவியத்தைத் தன் பொருட்டு எப்போதும் தாங்கி, நியமித்து நிற்கிறானோ, எது அவனுக்கே சேஷமாக இருப்பதையே ஸ்வரூபமாக உடையதோ, அது அவனுக்குச் சரீரம் என்பது அதன் கருத்து. கையும் காலும் தலையும் உடையது என்று அவர் இலக்கணம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்விலக்கணத்தின்படி நம் உடல் நமக்குச் சரீரம். அவ்வாறே நாம் எம்பெருமானுக்குச் சரீரம். பிருஹதாரண்யகத்தில் அந்தர்யாமி ப்ராஹ்மணம் என்னும் பகுதி, பூமி முதலாக எல்லாவற்றினுள்ளும் உறைந்து, அவற்றைச் சரீரமாகக் கொண்டு, அவற்றால் அறியப்படாமல் உள்ளிருந்து நியமிப்பவன் அவனே என்று ஓதுகின்றது.

ஆகவே நம் தேகமும் அவனுடைய சொத்து. பிறருடைய சொத்தை நம்முடையது என்று எண்ணி அநுபவிப்பது களவு. அதே சொத்தைக் குப்பை என்று எறிவதும் நம் உரிமையன்று. தேகத்தைத் தானென்று எண்ணுவது முதல் மயக்கம். "நான் தேகமல்லேன், ஆனால் எனக்கு நானே தலைவன்" என்று எண்ணுவது இரண்டாவது மயக்கம், இதற்கு ஸ்வதந்த்ராத்மப்ரமம் என்று பெயர். முதல் மயக்கம் நீங்கி இரண்டாவது நீங்காதவர்களே தேகத்தை இகழ்ந்து பேசித் தம்மைப் பெரியோராக எண்ணிக்கொள்வர். திருமந்திரத்தில் நடுவாக நிற்கும் நம: என்னும் பதம் இவ்விரண்டாவது நோய்க்கு மருந்தாகும். "எனக்கு நான் உரியேனல்லேன்" என்பதன்றோ அதன் பொருள்?

பல்லக்குச் சுமந்தவர்

இத்தத்துவம் நடையில் எவ்வாறு விளங்க வேண்டும் என்பதற்கு ஸ்ரீபாகவதம் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஜடபரதருடைய வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். ஞானியாயிருந்தும் மூடன்போல் திரிந்துகொண்டிருந்த அவரை, ஸௌவீர தேசத்து அரசனான ரஹூகணனுடைய ஏவலாளர்கள் பிடித்துப் பல்லக்குச் சுமக்க வைத்தனர். அவர் நிலத்தைப் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். வழியில் உள்ள சிற்றுயிர்கள் மிதிபட்டு விடலாகாது என்பதே காரணம் என்று பெரியோர் விளக்குவர். மற்றவர்களோடு நடை ஒத்துவராமையால் பல்லக்குக் குலுங்கியது. அரசன் சினந்து ஏசினான். அப்போது ஜடபரதர், சுமப்பது யார், சுமக்கப்படுவது எது, பருத்தவன் யார், இளைத்தவன் யார், இவையெல்லாம் உடலுக்கேயன்றி ஆத்மாவுக்கு ஏது என்று விரித்துரைத்தார். அரசன் பல்லக்கினின்றும் இறங்கி அவர் திருவடிகளில் விழுந்தான்.

இவ்வரலாற்றில் பலரும் வியந்து பேசுவது அவருடைய உபதேசத்தை. அடியேன் சிந்தை ஈடுபடுவது அவருடைய நடையில். தம் தோளில் பாரம் ஏறியதைக் குறித்து ஒரு சொல்லும் முறையிடாதவர், காலடியில் ஓர் எறும்பு நசுங்குவதைப் பொறுக்கவில்லை. "உடல் ஆத்மாவன்று, ஆகவே எறும்பின் உடல் நசுங்கினால் என்ன?" என்று அவர் எண்ணவில்லை. தம் உடலைக் குறித்து வைராக்யம். பிறர் உடலைக் குறித்துக் காருண்யம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே இருப்பதுதான் ஞானத்தின் அடையாளம்.

நாமோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். நமக்குச் சிறு தலைவலி வந்தால் உலகமே நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் படுத்த படுக்கையாய்க் கிடந்தால் "எல்லாம் கர்மவினை, தேகம் என்றிருந்தால் நோயும் இருக்கத்தான் செய்யும்" என்று வேதாந்தம் பேசுகிறோம். தேகத்தின் நிலையாமை என்னும் உபதேசம் நம் அச்சத்தைப் போக்கிக்கொள்ள ஏற்பட்ட மருந்து. பசித்து வந்தவனுக்கு அன்னத்திற்குப் பதிலாக அதனைக் கொடுப்பது மருந்தை மாற்றிக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

நினைவு தவறிய தாய்

இந்நாளில் சந்நிதிக்கு வரும் அன்பர்கள் பலர் மனத்தில் சுமந்துவரும் ஒரு துயரம் உண்டு. மூப்பினால் நினைவு தவறிப்போன தாய், தந்தை பற்றிய துயரம் அது. வாழ்நாளெல்லாம் திருப்பாவையும் விஷ்ணு ஸஹஸ்ரநாமமும் பாராமல் சேவித்துவந்த ஓர் அம்மாள், முதுமையில் பெற்ற மகனையே யாரென்று வினவுகிறாள். துளசி தீர்த்தத்தைக் கையில் வார்த்தால் அது என்னவென்று அறியாமல் விழிக்கிறாள். அம்மகன் கண்ணீரோடு கேட்பது இதுதான்: "என் தாய் எங்கே போய்விட்டாள்? இந்த உடலுக்குள் இருப்பவள் அவள்தானா? கடைசி நேரத்தில் எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்கிறதே கீதை, பெருமாள் பெயரையே மறந்துவிட்டவளுக்கு என்ன கதி?"

இது புத்தக வேதாந்தத்தால் விடை கூறிக் கடந்துவிடத்தக்க வினா அன்று. ஆயினும் நம் சித்தாந்தத்தில் இதற்கு ஆறுதலான விடை உண்டு.

ஆத்மா அணு அளவினது. அதனுடைய ஞானமோ எங்கும் பரவ வல்லது. ஆத்மா ஞானமே வடிவானது. அதற்குக் குணமாக மற்றொரு ஞானமும் உண்டு. அதற்கு தர்மபூதஞானம் என்று பெயர். இவ்விரண்டாவது ஞானம் சுருங்கும், விரியும். பாடசாலையில் அடியேன் பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, அதன்மேல் துளையுள்ள மண்குடத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். அறை இருண்டுவிடும், துளைகளின் வழியே மட்டும் சிறிது ஒளி கசியும். "விளக்கு அணைந்ததா?" என்று கேட்பார். "இல்லை" என்போம். "ஒளி குறைந்ததா?" என்பார். "வெளியே வருவது குறைந்தது" என்போம். "அவ்வளவுதான்" என்று குடத்தை எடுத்துவிடுவார். குடம் சரீரம்; துளைகள் இந்திரியங்கள்; பரவும் ஒளி தர்மபூதஞானம்; விளக்கு ஆத்மா.

முதுமையில் மூளை தளர, துளைகள் அடைபடுகின்றன. ஒளி வெளியே வாராது நிற்கிறது. மகனை அறிந்த அந்த ஞானம் வெளிப்பட வழியில்லாமல் சுருங்கியிருக்கிறதேயன்றி, அத்தாயின் ஆத்மா ஓர் அணுவும் குறையவில்லை. குழந்தைப் பருவத்தில் மகன் தாயின் பெயரை அறியாதிருந்தபோது அவன் அவளுக்கு மகனல்லாமல் போனானோ? அன்று அவனிடம் விரியாதிருந்த ஞானம் இன்று அவளிடம் சுருங்கியிருக்கிறது. அன்று அவள் செய்ததை இன்று அவன் செய்யக் கடவன்.

அடுத்து, கடைசி நினைவைப் பற்றிய வினா. கீதையின் எட்டாம் அத்தியாயத்தில் அந்திம ஸ்மிருதியைக் கூறியது உண்மையே. ஆனால் வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரமச்லோகம் என்று நம் பெரியோர் போற்றும் வார்த்தை ஒன்று உண்டு. மனமும் உடலும் நல்ல நிலையில் இருக்கும்போது ஒருவன் என்னை நினைத்தானாகில், அவன் கட்டைபோலவும் கல்லைப்போலவும் கிடக்கும் அந்திம தசையில் அவனை நான் நினைக்கிறேன். அவனை நானே உயர்ந்த கதியில் சேர்க்கிறேன் என்பது அதன் கருத்து. நினைக்க வேண்டிய பொறுப்பை அவன் தன்மேல் ஏறிட்டுக்கொண்டான். மகன் மறந்தாலும் தாய் மறவாதவாறு போல என்க.

பெரியாழ்வாரும் திருவரங்கத்து எம்பெருமானிடம் இதையே விண்ணப்பம் செய்தார். உடல் இளைத்து நலியும் அந்தக் காலத்தில் உன்னை நினைக்கமாட்டேன். ஆகையால் நினைவு உள்ள இப்பொழுதே சொல்லி வைக்கிறேன் என்னும் கருத்தமைந்த அத்திருமொழியை முதியோர் கேட்டுக் கண்ணீர் மல்குவதை நாம் காண்கிறோம். விஷ்ணுசித்தர் என்று பெயர் பெற்றவரே, பெருமாளைச் சித்தத்தில் வைத்தவரே, கடைசியில் சித்தம் கைகொடாது என்று அஞ்சினார் என்றால், நாம் நம் நினைவின் வலிமையை நம்பலாமோ?

ஆகவே அம்மகனுக்கு நாம் கூறும் விடை இதுதான்: உன் தாய் எங்கும் போய்விடவில்லை. அவள் நாள்தோறும் சேவித்ததை அவள் மறந்திருக்கலாம், கேட்டவன் மறக்கவில்லை. நீ செய்ய வேண்டியது அவளுக்குச் சோறூட்டுவது, உடல் துடைப்பது, ஆடை மாற்றுவது. திருமஞ்சனம் கண்டருளும் அர்ச்சாமூர்த்தியும் "நன்று" என்று வாய் திறந்து சொல்வதில்லை. மறுமொழி எதிர்பாராமல் செய்வதன்றோ கைங்கர்யம்? உன் இல்லத்தில் நீ செய்வதும் அந்தர்யாமியாய் அவளுள் எழுந்தருளியிருப்பவனுக்குச் செய்யும் ஆராதனமேயாகும்.

பறவையின் சரமகைங்கர்யம்

உயிர் நீங்கிய பின்னும் உடலை இகழலாகாது என்பதற்கு இராமபிரானே சான்று. பிராட்டியை மீட்கப் போரிட்டுச் சிறகறுந்து வீழ்ந்த ஜடாயு, பெருமாள் திருமுன்பே உயிர் நீத்தார். அவருக்கு உயர்ந்த கதியை அருளிய பெருமாள், "ஆத்மா நற்கதி பெற்றுவிட்டது, இனி இந்தப் பறவையுடல் எக்கேடு கெட்டாலென்ன?" என்று எண்ணவில்லை. தம் திருக்கைகளால் கட்டை அடுக்கி, தீ மூட்டி, தந்தைக்கு மகன் செய்யும் கடன்களையெல்லாம் செய்தருளினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியும், சோழநாட்டுத் திருப்புள்ளம்பூதங்குடியும் இந்நிகழ்ச்சியோடு தொடர்புடைய திவ்யதேசங்களாக இன்றும் சேவிக்கப்படுகின்றன.

இப்பறவையை மேற்கோளாகக் கொண்டே பெரிய நம்பிகள் ஓர் அரிய செயலைச் செய்தார். ஆளவந்தாருடைய சிஷ்யரான மாறனேர் நம்பி, உலகத்தார் தாழ்ந்ததென்று எண்ணிய குலத்திற் பிறந்தவர். ஆளவந்தாருக்கு முதுகில் ராஜபிளவை கண்டபோது, அந்நோயைத் தமக்குப் பிரஸாதமாகத் தந்தருள வேண்டும் என்று வேண்டிப் பெற்றுக்கொண்டவர் அவர் என்று குருபரம்பரை கூறும். அவர் திருநாடு அலங்கரித்தபோது பெரிய நம்பிகள் தாமே அவருக்குச் சரமகைங்கர்யம் செய்தார். ஊரார் பழித்தனர். ராமாநுஜர் வினவியபோது, "பெருமாளினும் நான் உயர்ந்தவனோ? ஜடாயுவினும் இவர் தாழ்ந்தவரோ?" என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். ஆத்மாவுக்குக் குலமில்லை என்று வாயால் கூறுவோர் பலர். அதனை ஓர் உடலுக்குச் செய்யும் கடனில் காட்டியவர் பெரிய நம்பிகள். ஆத்மதத்துவத்தை ஒருவன் மெய்யாக உணர்ந்தானா என்பது, அவன் பிறருடைய உடலை நடத்தும் முறையில்தான் வெளிப்படும்.

நோய் நீங்க வேண்டலாமோ?

"அப்படியானால் உடல்நலத்திற்காகப் பெருமாளை வேண்டுவது தவறா?" என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. வேண்டுவதில் தவறில்லை; எதன் பொருட்டு வேண்டுகிறோம் என்பதே ஆராயத்தக்கது. சோழன் செய்த கொடுமையால் கண்ணிழந்த கூரத்தாழ்வான், ராமாநுஜருடைய நியமனத்தை மறுக்கமாட்டாமல் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பு வரதராஜஸ்தவத்தை விண்ணப்பம் செய்தார். தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தமக்கு வாய்க்கும் பேறே வாய்க்க வேண்டும் என்று வேண்டினார். கண்ணைப் பற்றியோவெனில், உலகப் பொருள்களைக் காண அன்று, பெருமாளையும் ஆசார்யனையும் சேவிக்கும் அளவுக்கே வேண்டினார் என்று வரலாறு. நமக்கும் அதுவே வழி. கால்வலி நீங்க வேண்டுங்கள். அக்கால் கோயிலை வலம் வரட்டும். கை நடுக்கம் தீர வேண்டுங்கள். அக்கை பசித்தவனுக்கு அன்னம் இடட்டும். மருத்துவரை நாடுவதும் மருந்துண்பதும் அவன் சொத்தைக் காக்கும் செயல்களே.

ஆழ்வாரும் பெருமாளும்

உடலைப் பற்றிய இவ்வாராய்ச்சிக்கு முடிவு கூறவல்லது நம்மாழ்வாருடைய அநுபவமே. திருவாய்மொழி பத்தாம் பத்தில், திருமாலிருஞ்சோலையைப் பாடும் ஏழாம் திருவாய்மொழியில் ஒரு விந்தையைக் காண்கிறோம். ஆழ்வார், 24 தத்துவங்களாக விரிந்த இந்தப் பிரகிருதி ஸம்பந்தம் கழிய வேண்டும் என்று வேண்டுகிறார். எம்பெருமானோ அவர் திருமேனியிலேயே பேராசை கொண்டு, அதனைவிட மனமின்றி, அவ்வுடலோடே அவரைக் கொண்டுபோக விரும்புகிறான். திவ்யதேசங்களில் செய்யும் விருப்பத்தையெல்லாம் இந்த ஒரு திருமேனியில் அவன் செய்தான் என்று வியாக்யாதாக்கள் ஈடுபடுகின்றனர்.

ஆழ்வார் கழிக்க நினைத்ததை அவன் விரும்பினான். இதனால் தேறும் பொருள் யாது? தன் உடலை ஒழிக்கத்தக்கது என்று எண்ணுவது பக்தனுக்கு அழகு. அதனை விரும்பத்தக்கது என்று எண்ணுவது பகவானுக்கு அழகு. அவனுடைய கண்கொண்டு பார்த்தால், தன்னைப் பாடிய நாவும், தன்னை வணங்கிய தலையும், தன்னை நாடி நடந்த கால்களும் அவனுக்குத் தித்திக்கின்றன.

மேலும், தேகம் என்பதே பந்தம் அன்று. கர்மத்தால் வந்த தேகமே பந்தம். அர்ச்சிராதி மார்க்கத்தில் செல்லும் முக்தன் விரஜை நதியில் ஸூக்ஷ்ம சரீரத்தையும் விட்டபின், அப்ராக்ருதமான திருமேனியைப் பெற்றே பரமபதத்தில் கைங்கர்யம் செய்கிறான் என்று நம் பெரியோர் கூறுவர். இங்கு இந்த மண்ணுடலால் பழகியதே அங்கு அவ்வொளியுடலால் தொடர்கின்றது.

அன்பர்களே! பரமபதவாசலைக் கடந்தவுடன் மோக்ஷம் கைவந்ததாக எண்ணிவிட வேண்டா. இவ்வாசல், ஒருநாள் ஆத்மா தனியே கடக்கப்போகும் வழியை இவ்வுடல் உள்ளபோதே நமக்குப் பழக்கிக் காட்டுவது. நெரிசலில் தளர்ந்த முதியவருக்கு வழிவிடுங்கள். தாகத்தால் வாடிய குழந்தைக்கு உங்கள் செம்பு நீரைக் கொடுங்கள். வீட்டில் நினைவிழந்து படுத்திருப்பவருக்குத் தீர்த்தமும் துளசியும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். நினைவு தெளிவாயிருக்கும் இன்றே அவன் திருவடிகளில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இராப்பத்தின் நிறைவில் நம்மாழ்வார் மோக்ஷம் நடைபெறும். ஆழ்வார் பெருமாள் திருவடிகளில் சேர்க்கப்பெற்று, திருத்துழாயால் மூடப்பெறுவார். ஒரு கணம் அவர் நமக்கு இல்லாமற்போவார். உடனே அடியார்களின் பொருட்டு அவரைத் திரும்பத் தந்தருள வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் செய்யப்படும். பெருமாளும் மகிழ்ந்து தந்தருளுவான். திருவடி சேர்ந்தவரையும், உலகத்திற்கு அவர் தேவை என்று நம் முன்னோர் மீண்டும் கேட்டுப் பெற்றுக்கொள்கின்றனர். ஆத்மா அவனுக்கே உரியது என்பதும், உடலோடு வாழும் நாள் அடியார்க்கு உரியது என்பதும் இவ்வொரு நிகழ்ச்சியிலேயே விளங்குகின்றன. இவ்வுண்மையை உணர்ந்து, உள்ள நாள்வரை இவ்வுடலைக் கைங்கர்யத்தில் ஈடுபடுத்தி, எல்லாரும் எம்பெருமான் திருவருளுக்கு இலக்காகுமாறு அவன் திருவடிகளையே பிரார்த்திக்கின்றேன்.